கொழும்புத் தாத்தா சொன்ன இடங்கள்

கொழும்புக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னால், முதலில் மிருகக்காட்சிசாலைக்குப் போகச் சொல்வார். அடுத்தது நூதனசாலை, அதாவது மியூசியம். மூன்றாவது என்று ஒன்று கிடையாது. பஸ் ஏறி நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், வெளிநாட்டு ஏஜென்சிக்குப் போகிறவர், புதிதாகக் கல்யாணம் முடித்து ஊர் சுற்றக் கிளம்புகிறவர், எல்லாருக்கும் அவர் கொடுத்தது இந்த ஒரே மருந்துதான். காய்ச்சல், தலைவலி, கால்வலி மூன்றுக்கும் ஒரே போத்தலில் இருந்து ஊற்றிக் கொடுக்கிற டிஸ்பென்சரிக்காரர் மாதிரி.

மாத்தளை பஸ் ஸ்டான்டுக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், இரண்டு கண்ணாடிக் கூடுகள் வைத்த டெலிபோன் கடையை அவர்தான் பார்த்துக்கொண்டார். கொமியூனிகேஷன் என்போம். தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டில் போன் இருந்தவர்கள் சிலர்தான். சவூதியில் இருக்கிற புருஷனிடம் பேச, வவுனியாவில் இருக்கிற அம்மாவிடம் பேச, வேலை கிடைத்ததா இல்லையா என்று கேட்க, எல்லாரும் அந்தக் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். கதவு பெயருக்குத்தான். உள்ளே பேசுவது வெளியே பேக்கரி வரைக்கும் கேட்கும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு மாத்தளையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவர் பிறந்தது கொழும்பு கொம்பனித்தெருவில். பத்தொன்பது வயதில் மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். புருஷன் சவூதியில் டிரைவர். கடை புருஷனுடைய நானாவுக்குச் சொந்தம், அதாவது அண்ணனுக்கு. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் ஊரே அவரைக் கொழும்புத் தாத்தா என்றது. அப்போது அவருக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். 'தாத்தாவிடம் கேளுங்க' என்று யாரோ அனுப்பிவைத்த வெளியூர்க்காரர்கள், தாடி வைத்த கிழவரைத் தேடிக் கடைக்குள் எட்டிப் பார்த்ததை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முக்காட்டுக்குள் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவர், "நான்தான் தாத்தா, செல்லுங்க" என்பார், சொல்லுங்க என்பதை அப்படித்தான் சொல்வார். வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று புரியாது. நான் அலுவிகாரைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழிகாட்டியாக இருந்தேன். சீகிரியாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வழியில் இறங்குவார்கள். கறுவாப் பட்டையை உரித்துக் காட்டி, வனிலாக் கொடியைத் தொடவிட்டு, அப்படியே ஊர்க்கதையும் சொல்லி அனுப்ப வேண்டும். சீகிரியாவில் வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள், அலுவிகாரை விகாரையில் எந்தக் குகைக்கு முதலில் போக வேண்டும், எங்கே நின்றால் படம் நன்றாக வரும், இதையெல்லாம் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். ஒரு இடத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கே ஒருவர் சொல்லித் தருவதா? அந்த மண்டைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை போன் பேசக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் யட்டவத்தையைச் சேர்ந்த ஒரு சிங்கள மாஸ்டர் நின்றார். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மறுநாள் கொழும்புக்குப் போகிறாராம், என்ன காட்டலாம் என்று கேட்டார். தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அவர் சிங்களம் பேசும்போது கையும் சேர்ந்து பேசும். ஐந்தரை மணிக்குக் கடலோரம் காலிமுகத்திடலுக்குப் போங்கள், அதற்கு முன்னால் போகாதீர்கள், வெயில் கொல்லும். பட்டம் விடுவார்கள். இறால் வடை சாப்பிடுங்கள், ஆனால் கடைசியில் இருக்கிற வண்டியில் வாங்குங்கள், முன்னால் இருக்கிறவன் பழைய எண்ணெயில் பொரிப்பான். சூரியன் இறங்குகிற வரைக்கும் அந்தக் கல்லுக்கட்டில் உட்காருங்கள். அப்புறம் கோட்டைப் பக்கமாக மெல்ல நடந்து போனால் வெளிச்சவீட்டு மணிக்கூண்டு. காற்று முகத்தில் அடிக்கும் பாருங்கள், மாஸ்டர், ஒரு மாதத்துக்குப் போதும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரே அந்தக் கல்லுக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் போன பிறகு நான் கேட்டேன். "தாத்தா, எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். முடிஞ்சதும் நாங்களும் ஒரு சனி ஞாயிறு கொழும்புக்குப் போறோம். எங்களுக்கும் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சூவுக்குப் போங்க தம்பி. யானை டான்ஸ் ஆடும். நல்லா ஈக்கும்."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "அவருக்குக் கடல், எங்களுக்குக் கொரங்கா?" என்று கேட்டேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"கொரங்கு நல்லது தம்பி. அது கேள்வி கேக்காது" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. வேறு கடையில் போய், சரியாகக் கேட்காத போனில் கத்திப் பேசினேன். அந்தம்மாவும் ஆள் பார்த்துத்தான் பேசுகிறார், சிங்கள ஆளுக்கு ஒரு கொழும்பு, தோட்டத்துத் தமிழனுக்கு இன்னொரு கொழும்பு என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் விட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. சொன்னதில் பிழை இல்லை, அவர் இரண்டு கொழும்புதான் வைத்திருந்தார். ஏன் என்று யோசிக்கத்தான் எனக்குத் துப்பில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. கொழும்பு போய் வந்தவர்கள் பார்த்த இடத்து டிக்கட்டைக் கொண்டுவந்து அவரிடம் கொடுக்க வேண்டும். கிழித்த டிக்கட்டுத்தான், பஸ் டிக்கட்டும் பரவாயில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். பைத்தியம் என்று பேக்கரிக்காரர் சொல்வார். ஒரு முறை ஒரு அம்மா, "இத வச்சி என்னாங்க தாத்தா செய்யப் போறீங்க?" என்று கேட்டார். "சும்மாதான் மகள். ஒண்டொண்டா சேத்துக்கிட்டு ஈக்கிறேன்" என்றார். யாராவது திங்கட்கிழமை டிக்கட் கொண்டு வராவிட்டால், செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார்: எனக்கு டிக்கட் வரவில்லை என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தாயா என்று கேட்டால் ஜனங்கள் பயந்துவிடும். டிக்கட் கேட்டால் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுக்கும். இதுவும் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

மிருகக்காட்சிசாலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தியது. அங்கே ஒரு மனிதக் குரங்கு சிகரெட் குடிக்கும், பாருங்கள் என்று அனுப்புவார். போனவர்கள் திரும்பி வந்து, அது செத்துப் பல வருஷமாச்சாம் தாத்தா என்பார்கள். "அல்லாவே" என்று நெஞ்சில் கைவைத்து மெய்யாகவே வருத்தப்படுவார். அடுத்த வாரம் அடுத்த ஆளிடம் அதே குரங்கைச் சொல்வார். பார்க்க ஏதாவது சொல்ல வேண்டுமே.

ஏன் மிருகக்காட்சிசாலை என்பதற்கு அவரிடம் நேரான கணக்கு ஒன்று இருந்தது. கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி, ஏன் கொழும்புக்கு வந்தாய். சுற்றிப் பார்க்க என்றால் நம்ப மாட்டான். எதைச் சுற்றிப் பார்த்தாய் என்பான். அப்போது சட்டைப் பையில் இருந்து அன்றைய தேதி போட்ட மிருகக்காட்சிசாலை டிக்கட் வெளியே வந்தால், கேட்கிறவன் முகம் கொஞ்சம் மாறும். அவனும் சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருப்பான். யானை ஆடியதா என்று கேட்பான். "புலிய டிக்கட் எடுத்துப் பாக்கப் போறவன எவன் தம்பி புலின்டு புடிப்பான்?" என்று பிற்பாடு என்னிடம் ஒரு தடவை கேட்டார். அதைச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அந்த வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம்.

கடலுக்கு டிக்கட் இல்லை. அதுதான் விஷயம். காலிமுகத்திடலில் உட்கார்ந்திருக்கிறவனிடம் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

இந்தக் கணக்கு அவருக்குச் சும்மா வரவில்லை. என் கல்யாணத்துக்கு மூன்று நான்கு வருஷம் முன்னால், தோட்டத்தைச் சேர்ந்த ஒரு இளைஞன் வெளிநாட்டு வேலை இண்டர்வியூவுக்குப் போகும் வழியில் கடையில் போன் பேசியிருக்கிறான். இண்டர்வியூ முடிந்து அரை நாள் மிஞ்சும், என்ன பார்க்கலாம் தாத்தா என்று கேட்டிருக்கிறான். இவர் எழுந்து நின்று, கை ஆட்டி, கடலையும் பட்டத்தையும் கல்லுக்கட்டையும் சொல்லியிருக்கிறார். அவன் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறான். ராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். எட்டு மாதம் உள்ளே இருந்தான். அந்த எட்டு மாதமும் அவனுடைய அம்மா வாரத்துக்கு ஒரு முறை தோட்டத்தில் இருந்து இறங்கி வந்து, இவருடைய கடையில்தான் லோயருக்குப் போன் எடுத்திருக்கிறார். இன்னும் விடவில்லையாம் தாத்தா, இன்னும் விடவில்லையாம் தாத்தா. மகனை அங்கே அனுப்பியது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. இவரும் சொல்லவில்லை. "நான் செல்லல்ல தம்பி. செல்ல வாய் வரல்ல. அவ எனக்கு நல்லாருங்கன்டு செல்லிட்டுப் போவா, ஒவ்வொரு கெழமையும்" என்றார், இதையும் பிற்பாடுதான். அவரை நான் அழ வைத்துவிடுவேனோ என்று பயந்து வேறு பேச்சை எடுத்தேன். அன்று அவர் அழவில்லை.

இப்போது கடை இல்லை. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அந்தக் கண்ணாடிக் கூடுகளைக் கழற்றிவிட்டு மைத்துனர் அங்கே செருப்பு விற்றார். புருஷன் திரும்பி வந்ததும் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். என் மனைவி வாரம் ஒரு தடவையாவது அவருடன் பேசுகிறாள். ஒரு மணி நேரம் பேசுவாள். அவரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "பேரப் போடாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டாள். போடவில்லை. ஆனால் என் நன்றியைச் சொல்லாமல் விடமாட்டேன். என் வீடு வீடாக இருப்பதற்கு நான் யாருக்காவது கடன்பட்டிருக்கிறேன் என்றால், அது அவருக்குத்தான்.

என் மனைவி வவுனியாவில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இங்கே எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்தான். எழுபத்தேழு கலவரத்தில் எல்லாம் போய், உயிர் பிழைத்தால் போதும் என்று வவுனியாவுக்கு ஓடிக் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே பிறந்தவள் இவள். அத்தை வீட்டுச் சம்பந்தமாகப் பேசி, அவள் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு வந்து, கல்யாணம் நடந்தது. அவளுக்குச் சிங்களம் ஒரு வார்த்தை வராது. கடலை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமான முதல் வாரமே கேட்டாள், கடல் உண்மையாகவே அந்தப் பக்கக் கரை தெரியாமல்தான் இருக்குமா என்று. கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கோபம் ஆறி, நான் மறுபடி தாத்தா கடைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் அவர் கேட்டார்.

"பொஞ்சாதி பொறந்த எடம் எங்க தம்பி?"

"வவுனியாங்க."

"ஐடென்டிடி கார்டுல?"

"அதுலயும் அதுதான். விலாசமும் அங்கதான் இருக்கு. இன்னும் மாத்தல."

அவர் பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதினார். சனிக்கிழமை முதல் பஸ். மத்தியானம் மிருகக்காட்சிசாலை. ஐந்து மணி யானை ஆட்டம். அங்கிருந்து தெஹிவளையில் தன்னுடைய சாச்சி வீடு, அதாவது சின்னம்மா வீடு. அந்த வீட்டின் பின்பக்கம் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். "ஊட்டுக்குள்ள நின்டே பாக்கலாம். ஆசை தீரப் பாருங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." ஞாயிறு நூதனசாலை, இரண்டு மணி பஸ். தாளின் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதினார்: கல்யாணச் சர்ட்டிபிகேட் கட்டாயம்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். கல்யாணச் சர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு கடல் பார்க்கப் போகிறவன் உலகத்தில் உண்டா என்று வீட்டில் போய்ச் சிரித்தேன். அதைச் சூட்கேசிலேயே விட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரர் எனக்குத் தந்துவிட்டுப் போன கேமராவை எடுத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் படம் பிடிக்க இடம் காட்டுகிற ஆள் அல்லவா நான்.

மிருகக்காட்சிசாலைக்குப் போகவில்லை. கோட்டையில் இறங்கியதும் நேரே காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போனேன். மாஸ்டருக்குச் சொன்ன அதே இடம், அதே கல்லுக்கட்டு. என் மனைவி கடலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, நல்ல வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பின்னால் கடல், கடலுக்குப் பின்னால் வரிசையாகக் கப்பல்களும் பாரந்தூக்கிகளும். அழகாக இருந்தது. படம் எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். அது துறைமுகம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பக்கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருந்த காலம். வெளிச்சம் பார்க்கிறவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

இரண்டு ஆமிக்காரர்கள் வந்தார்கள். முதலில் கேமரா போனது. பிறகு அட்டை கேட்டார்கள். என்னுடையது மாத்தளை, அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். அவளுடையதைத் தரவில்லை. துறைமுகத்துக்கு முன்னால் வவுனியாப் பெண் ஒருத்தி, படம் எடுக்க ஒருவன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இவள் என் மனைவி என்றேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை.

பொலிஸ் நிலையத்தில் அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். அசல் கல்யாணச் சர்ட்டிபிகேட்டும் கிராம சேவகர் கடிதமும் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் திங்கட்கிழமை மேலிடத்துக்கு அனுப்புவோம் என்றார் சார்ஜன்ட். மேலிடம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எதிரே ஒரு டெலிபோன் கடை இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான், தாத்தா கடை நம்பர். அதை அழுத்தினேன்.

அவர் எடுத்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று ஒரு பேச்சு இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் இல்லை.

"சர்ட்டிபிகேட் எங்க ஈக்கி?"

"கட்டிலுக்கு அடியில, சூட்கேசுல. சாவி வீட்டுச் சொந்தக்கார அம்மாகிட்ட."

"சரி. நீங்க ஸ்டேஷன விட்டு அசையாதீங்க. அந்தப் புள்ளைக்கு ஒங்கட கொரல் கேக்கிற எடத்துல இரிங்க. நான் காலைல வாறேன்."

மாத்தளையில் அன்று சாயந்திரம் என்ன நடந்தது என்பது பிறகு பலர் சொல்லித் தெரிந்தது. கடையைப் பூட்டிவிட்டு அலுவிகாரைக்குப் போய், நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவுடன் உள்ளே நுழைந்து சூட்கேசைத் திறந்திருக்கிறார். கிராம சேவகர் குடும்பத்தோடு ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பி மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாராம். இவர் போய் முன் சில்லுக்கு நேரே நின்று, கடிதம் எழுதித் தந்துவிட்டுப் போங்கள் என்றாராம். மைத்துனரிடம் உத்தரவு கேட்கவில்லை. பெண்பிள்ளை தனியாகக் கொழும்புக்குப் போவதா, அதுவும் பொலிஸ் நிலையத்துக்கா, அதுவும் யாரோ ஒரு தமிழச்சிக்காகவா என்று அந்த வீட்டில் பிறகு ஒரு மாதம் சண்டை. சவூதிக்கும் போன் பறந்தது. அவர் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டார்.

அந்த இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வாசலில் இருந்து அவ்வப்போது அவள் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்து பதில் வந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் அவர் வந்தார். நான் எழுந்து ஓடினேன். என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேரே உள்ளே போனார். ஒரு கையில் காகிதங்கள், மறு கையில் ஒரு துணிப்பை. சார்ஜன்ட் காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, நீ யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அந்தப் பிள்ளையின் அக்கா."

சார்ஜன்ட் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே இருக்கிறவள் பொட்டு வைத்திருக்கிறாள், வவுனியாக்காரி. இது முக்காடு போட்டிருக்கிறது, மாத்தளை. அக்காவாம். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை. "அக்காதான் ஐயா" என்றார் மறுபடியும்.

சார்ஜன்ட்டின் சிரிப்பு நின்றுவிட்டது. "பொலிசில் பொய் சொன்னால் நீயும் உள்ளே போவாய், தெரியுமா? இரு, அவளிடமே கேட்கிறேன்" என்றார்.

என் மனைவி அவரைப் பார்த்ததே இல்லை. மாத்தளைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள். டெலிபோன் கடைப் பக்கம் நான் அவளைக் கூட்டிப் போனதே கிடையாது. ஏதாவது சைகை காட்டலாம் என்று முன்னால் நகர்ந்தேன். ஒரு கான்ஸ்டபிள் என் நெஞ்சில் கைவைத்துச் சுவரோடு நிறுத்தினான்.

அவளைக் கூட்டி வந்தார்கள். தலை கலைந்து, நேற்றுக் கட்டிய சேலை கசங்கி, பொட்டு அழிந்து நின்றாள். சார்ஜன்ட் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "இது யாரு?"

அவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை. முக்காட்டைப் பார்த்தாள். தாத்தா கண்ணைக்கூட அசைக்கவில்லை. பிறகு அவள் பார்வை கீழே இறங்கி அந்தத் துணிப்பையில் நின்றது. அவள் வவுனியாவில் பழைய சேலையை வெட்டித் தன் கையால் தைத்துக் கொண்டுவந்த பை அது. பிதுங்கிய வாயில் அவளுடைய மாற்றுச் சேலையும், உள்பாவாடையும், சீப்பும் தெரிந்தன. மேலே அவளுடைய பொட்டுப் பாக்கெட். யாரோ ஒருவர் தன் வீட்டுக்குள் போய், தன் பெட்டியைத் திறந்து, ஒரு பெண்ணுக்கு இப்போது என்னென்ன தேவைப்படும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்.

"அக்கா" என்றாள். இரண்டு மொழியிலும் அது ஒரே சொல்தான். சார்ஜன்ட்டுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நேரே நடந்துபோய் தாத்தா கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"எத்தன மணிக்கு பஸ் ஏறினீங்க? காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

மாத்தளையில் எல்லாருக்கும் பதில் வைத்திருந்த அந்த அம்மா, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, அந்த மேசைக்கு முன்னாலேயே நின்று அழுதார். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றாள். சார்ஜன்ட் அவளுடைய அடையாள அட்டையை எடுத்து மேசையின் எங்கள் பக்கமாகத் தள்ளினார்.